திருப்பூரைப் படித்த துறைகள்

ஒரு பனியன் முழுக்க முழுக்க ஒரே கூரைக்குக் கீழே உருவாவது திருப்பூரில் அபூர்வம். நூல் கோவைப் பக்கத்து மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை வேறிடம், காம்பாக்டிங் மற்றோர் இடம். துணி கட்டிங் மாஸ்டரின் மேசைக்கு வந்த பிறகு ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று கைமாறும். நடுவில் பிரிண்டிங் வேலை இருந்தால் கட்டுக் கட்டாகத் துணியை ஏற்றிக்கொண்டு சின்ன வேன் ஒன்று மறுபடியும் ஊரின் இன்னொரு மூலைக்கு ஓடும்.

இந்த ஊரைப் பற்றிய ஆராய்ச்சியும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பொருளியல், புவியியல், மானிடவியல், வரலாறு, சாய வேதியியல், மண்ணியல், சட்டம் என்று ஒவ்வொரு துறையும் ஒரு பட்டறையில் நின்று தன் பங்கை முடித்துக் கொடுத்திருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பொருளியல் பள்ளி, கோவையின் வேளாண் பல்கலைக்கழகம், 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி என்னவோ பழையதுதான். துறைமுகம் இல்லை, வற்றாத ஆறு இல்லை, பெரிய முதலாளிக் குடும்பங்கள் இங்கே வந்து பணம் போடவும் இல்லை. பிறகு எப்படி இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது? அதன் நிழலாகவே இன்னொரு கேள்வியும் வரும்: அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதே அவர்கள் கண்டதைப் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

கிணறும் பருத்தியும்

வரலாற்றாசிரியர்கள் தொடங்குவது பனியனுக்கு வெகு முன்னால். கொங்கு மேட்டுநிலத்தில் ஆற்றுப் பாசனம் குறைவு. கிணறு தோண்டி, மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. கிறிஸ்டோபர் பேக்கர் 1984-ல் வெளியிட்ட தமிழக நாட்டுப்புறப் பொருளாதார வரலாறு, காவிரிப் படுகையிலிருந்து இந்த நிலம் எவ்வளவு வேறுபட்டது என்று விரிவாகக் காட்டியது. பணப்பயிரான பருத்தி, கிணற்றுக்குச் செலவிடத் துணிந்த குடியானவர், பருத்தியைத் தேடி வந்த வியாபாரி, 1930-களில் வந்த பைக்காரா மின்சாரம், அதன் பின்னால் கோவையில் பெருகிய நூற்பாலைகள் ஆகிய எல்லாம் சேர்ந்த மண்ணில்தான் திருப்பூரின் பருத்திச் சந்தையும் கதர் வியாபாரமும் வளர்ந்தன. கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் அடிபட்டு உயிர்விட்டது இந்த ஊரில்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்னல் இயந்திரங்களும் வந்துவிட்டன.

இந்த விடைக்கு ஆழம் உண்டு. ஆனால் ஓரிடத்தில் அது இடறுகிறது. இதே கிணறும் பருத்தியும் இருந்த அவிநாசியோ பல்லடமோ காங்கேயமோ ஏன் திருப்பூர் ஆகவில்லை? மண்ணை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது. இன்னும் பின்னால் போகிறவர்களும் உண்டு. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் இருக்கும் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் மணி செய்யும் தொழிலும் இரும்புத் தொழிலும் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கிருந்து இன்றைய ஏற்றுமதிக்கு நேர்கோடு இழுக்கும் பேச்சு மேடைக்கு இனிக்கலாம். நடுவில் கிடக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அது கணக்குச் சொல்வதில்லை.

அமீபாவும் இத்தாலியும்

1980-களில் உலகப் பொருளியலில் ஒரு புதிய ஆர்வம் பிறந்தது. ஆல்ஃபிரட் மார்ஷல் முன்பு எழுதிவைத்த ‘தொழில் வட்டாரம்’ என்ற கருத்தை இத்தாலியர்கள் மீட்டெடுத்தார்கள். பிராட்டோவின் கம்பளித் துணியும் கார்பியின் பின்னலாடையும் சின்னச் சின்னப் பட்டறைகள் கூடி ஒரு பெரிய ஆலையை வெல்லக்கூடும் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. பியோரியும் சேபலும் 1984-ல் எழுதிய நூல் அந்த நம்பிக்கையை உலகெங்கும் கொண்டுசென்றது. இந்தியாவில் அப்படி ஓர் ஊர் உண்டா என்று தேடியவர்களின் விரல் திருப்பூரில் வந்து நின்றது.

ஆய்வாளர் பமீலா காதோர்ன் இங்கே கண்டது இத்தாலியை முழுதாக ஒத்துப்போகவில்லை. கம்பெனி வளர்ந்தால் பெரிதாவதற்குப் பதிலாக இரண்டாகப் பிரிந்தது, இரண்டு நான்கானது. பெயர்ப்பலகை வேறு, முதலாளி ஒருவரே. இதற்கு அவர் வைத்த பெயர் ‘அமீபா முதலாளித்துவம்’. தொழிற்சாலைச் சட்டமும் வரியும் சிறுதொழிலுக்கான சலுகையும் தொழிற்சங்கமும் எந்த அளவில் தம்மைத் தொடும் என்பதைக் கணக்கிட்டே பட்டறைகள் பிரிந்தன என்பது இந்த விளக்கத்தின் சாரம். பின்னலாடைத் தொழில் 2000-களின் நடுப்பகுதிவரை சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994-ல் எழுதிய ஆய்வறிக்கையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிகிறது: இந்தியத் தொழில் வட்டாரம் ஒன்று உருவாகிறதா? அந்தக் கேள்விக்குறியை நீக்க அவர்கள் அவசரப்படவில்லை. ஆர்டருக்குத் தக்கபடி வளையும் திறமை இருக்கிறது; அந்த வளைவின் அடியில் குறைந்த கூலியும் பாதுகாப்பில்லாத வேலையும் இருக்கின்றன. இத்தாலிய மாதிரியை அப்படியே எடுத்து வைப்பதற்கு இந்த அறிக்கை போட்ட தடை இன்றும் பயனுள்ளது. ஆனால் இந்த மரபு முழுவதற்கும் ஒரு குறை உண்டு. கம்பெனிகளுக்கு இடையே நடப்பதை நுட்பமாகப் பார்த்த அளவுக்கு, அந்தக் கம்பெனிகளை நடத்தியவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று அது தோண்டவில்லை.

‘உழைப்பு’ என்ற சொல்

அந்த இடத்தைத் தோண்டிய இரண்டு ஆய்வுகள் ஒரே ஆண்டில், 2004-ல் வெளிவந்தன. இரண்டும் கவுண்டர் சமூகத்தை மையமாக வைத்தவை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின.

புவியியலாளர் ஷரத் சாரி 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி முதலாளிகளிடம் அவர்கள் வந்த வழியைக் கேட்டார். சிறு குடியானவக் குடும்பத்தில் பிறந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாகச் சேர்ந்து, பிறகு பங்காளிகளோடும் மைத்துனர்களோடும் சேர்ந்து சொந்தக் கம்பெனி வைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘உழைப்பு’. சாரி அதை அப்படியே நம்பி எழுதிவிடவில்லை. தோட்டத்தில் தானும் இறங்கி வேலை செய்துகொண்டே ஆட்களை வேலை வாங்கத் தெரிந்த குடியானவனின் பழக்கம், பட்டறையில் தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் முறையாக எப்படி மாறியது என்று காட்டினார். அவருடைய நூலின் தலைப்பே சகோதர மூலதனத்தைப் பேசுகிறது. அந்தச் சகோதரத்துவத்தில் பெண்ணுக்கும் தலித்துக்கும் இடமில்லை என்பதும் அதே நூலின் வாதம்.

கைவன் முன்ஷியும், பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கேட்ட கேள்வி வேறு. கவுண்டர்களின் கம்பெனிகளையும் வெளியிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகளையும் எண்களால் ஒப்பிட்டார்கள். கவுண்டர்கள் அதிக மூலதனத்தோடு தொழிலில் இறங்கினார்கள். வெளியாட்கள் குறைந்த மூலதனத்தோடு வந்து வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் ஏற்றுமதியில் அவர்களைத் தாண்டினார்கள். மூலதனம் திறமை இருக்கும் இடம் தேடிப் போகவில்லை; சொந்தம் இருக்கும் இடம் தேடிப் போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. நிலத்தில் சேர்ந்த பணத்துக்கு வேறு நல்ல போக்கிடம் இல்லாததால் அது உறவினர் கம்பெனிக்குள் போனது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

சாரி பலமாகக் கண்ட உறவை இவர்கள் வீணாகக் கண்டார்கள். முரண்பாட்டின் ஒரு பகுதியாவது பார்த்த இடத்தால் வந்தது. சாரி பெரும்பாலும் வென்றவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். தோற்று ஊர் திரும்பியவரின் கதை அப்படிக் கேட்கும்போது எளிதில் சிக்காது. பொருளியலாளர்கள் ஒரு முழுச் சமூகத்தை ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டார்கள். நூறு ஏக்கர் பண்ணையக்காரரும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பழகியவரும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்குத்தான் முழு உருவம் கொஞ்சம் பிடிபடும்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே

தொழிலாளரைப் படித்தவர்கள் முதலில் பார்த்தது சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதற்குப் பிறகு ஜாப் ஒர்க்கும் காண்ட்ராக்ட்டும் வேகமாகப் பெருகின என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வேலைநிறுத்தம் மட்டும் அதற்குக் காரணமா, அதே சமயத்தில் வளர்ந்த ஏற்றுமதியும் காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒன்றாக நடந்தன. ந. நீத்தா 2002-ல், ஏற்றுமதியோடு பெண்கள் பெருமளவில் உள்ளே வந்ததையும், அந்த வருகை சங்கங்களின் பிடியைத் தளர்த்தியதையும் சேர்த்துப் பார்த்தார். செக்கிங்கும் கைமடியும் பெண்ணுக்கு, கட்டிங் ஆணுக்கு என்ற பிரிவினை கூலியிலும் தெரியும்.

இன்னும் தள்ளி, கிராமத்தில் போய் நின்றவர்கள் வேறொரு திருப்பூரைக் கண்டார்கள். ஜூடித் ஹேயர் 1981-82 முதல் கோவை மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பல ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, தலித் குடும்பங்களின் நிலையைப் பின்தொடர்ந்தார். ஒரே கிராமத்துக்குக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பி வரும் இப்படிப்பட்ட பொறுமை ஆராய்ச்சியில் அரிது. இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பேறு அது.

கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவும் திருப்பூரைச் சுற்றிய இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் தலித் இளைஞர்கள் காலையில் கிளம்பி பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார்கள். சம்பளம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனி. இன்னொன்றில் உள்ளூரிலேயே விசைத்தறி வந்துவிட்டது. தறிக்காரர் கொடுத்த முன்பணம் குடும்பத்தையே தறியோடு கட்டிப்போட்டது. பஸ் ஓடினாலும் அதில் ஏற முடியாது. ஒரே நகரத்தின் வளர்ச்சி, பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒருவரை விடுவித்தும் இன்னொருவரைக் கட்டியும் வைத்திருக்கிறது. நகரத்துக்குள்ளேயே நின்று பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது கிராமம் தெரியவே வாய்ப்பில்லை.

டி நெவ் 2009-ல் வெளிநாட்டு வாங்குபவர்களின் தணிக்கை விதிகளையும் ஆராய்ந்தார். விதியை வகுப்பது ஐரோப்பிய நிறுவனம், அதற்கான செலவை ஏற்பது திருப்பூர்க் கம்பெனி. நினைத்தபோது கம்பெனி மாறும் சுதந்திரத்தைத் தொழிலாளர் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது தணிக்கைத் தாளின் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. மில்களில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் உலகின் கண்ணுக்கு வந்ததில் பல்கலைக்கழகங்களைவிட உள்ளூர் இயக்கங்களுக்கும், 2011-ல் அறிக்கை வெளியிட்ட இரண்டு நெதர்லாந்து அமைப்புகளுக்குமே பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. பெரிய துறைகள் பின்தங்கிய இடம் இது.

உப்பின் கணக்கு

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் பெறுகிறது. ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின் ஏற்றம்தான். ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் துணியில் ஏறும்; பிறகு காரம் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு லிட்டர் சாயநீருக்கும் பத்துக் கணக்கான கிராம் உப்பு தேவைப்படுகிறது. உப்பு துணியில் தங்குவதில்லை. சாயம் ஏறிய பிறகு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே போகிறது. ஊரில் எத்தனையோ நூறு சாயப்பட்டறைகள்.

இந்தச் சின்ன வேதியியலில்தான் நொய்யலின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1990-களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. தண்ணீர் தெளிந்து பார்வைக்குச் சுத்தமானது. கரைந்த உப்பு அப்படியே இருந்தது. நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காக எழுப்பப்பட்டது, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப் பாசன விவசாயிகள் கிணற்று நீரும் உப்பாகிவிட்டதென்று நீதிமன்றம் போனார்கள். கொடுமணலில் தொல்லியலாளர்கள் தோண்டிய அதே ஆற்றுப் பகுதியில்தான் மண்ணியலாளர்களும் மாதிரி எடுத்தார்கள்.

இங்கே துறைகள் ஒன்றுக்கொன்று பயன்பட்டன. மண் மாதிரியும் கிணற்று நீர் அளவும் வழக்கில் சான்றாயின. சென்னைப் பொருளியல் பள்ளியில் பால் அப்பாசாமியும் பிரகாஷ் நெல்லியாட்டும் வெள்ளாமை இழப்பு, குடிநீர் இழப்பு, மீன் இழப்பு என்று சேதத்துக்கு ரூபாய்க் கணக்குப் போட்டார்கள். மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்று 1996-ல் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவிய கொள்கை நொய்யலுக்கும் வந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். பின்னால் சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி, உப்புநீரை மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை எல்லாம் சேர்ந்து பட்டறைகளைத் திறக்க வழிசெய்தன.

இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆவியாக்கிக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிலையங்களில் தங்குகிறது. ஆற்றிலிருந்து எடுத்த சுமையின் ஒரு பங்கு காற்றுக்கும் கொட்டகைக்கும் இடம் மாறியிருக்கிறது. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பு எப்போது வெளியேறும் என்பது மழையையும் பாறையையும் பொறுத்தது. நீதிமன்ற ஆணைக்கு அது கட்டுப்படாது.

தையல் விட்ட இடங்கள்

துறைகள் பேசிக்கொள்ளாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூரின் குடிநீர்த் திட்டமே உதாரணம். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், அரசும் தனியாரும் சேர்ந்து நிறைவேற்றியது, 2006-ல் இயங்கத் தொடங்கியது. சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு நீர் வாங்கும், அதை வைத்து வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது நிதிக் கணக்கு. அதே ஆண்டில்தான் கழிவுநீர் வெளியேறக் கூடாது என்ற ஆணையும் வந்தது. நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறை புதுநீர் குறைவாகத்தானே வாங்கும்? 2011-ல் பட்டறைகள் மூடப்பட்டபோது அந்தக் கணக்கு மேலும் ஆட்டம் கண்டது. நிதியாளரும் வேதியியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இதை முன்பே கண்டிருக்கலாம்.

இன்னொரு விடுபட்ட தையல் தொழிலாளருக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிறது. நொய்யலைப் படித்தவர்கள் கீழ்ப் பாசன விவசாயியை நன்றாக அறிவார்கள். சாயப்பட்டறையில் வெறுங்கையால் துணி புரட்டியவரைப் பற்றி அவர்களிடம் கிடைப்பது சொற்பம். கூலியைப் படித்தவர்கள் பட்டறை மூடியபோது வேலை போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் வீட்டுக் குடத்தில் இருந்த நீரைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். இரண்டும் பல சமயம் ஒரே குடும்பம்.

மொழியும் ஒரு சுவர்தான். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பான்மை ஆங்கிலத்தில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் தைக்கிற ஒருவர், தன் கிராமத்தைப் பற்றி எழுதப்பட்டதைத் தன் மொழியில் படிக்க வழி குறைவு. சாயக்கழிவின் கதையைத் தமிழ் வாசகருக்கு முதலில் நெருக்கமாகக் காட்டியவற்றில் திருப்பூர்க்காரரான சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவலுக்கு முக்கிய இடம் உண்டு. அளவீடு செய்யாமலே அந்த நாவல் பதிவு செய்த அன்றாடத்தை ஆராய்ச்சியாளர்கள் சான்றாக எடுத்துக்கொள்ளத் தயங்கலாம். கேள்விகளைக் கண்டுபிடிக்கும் இடமாகவாவது அதைப் பார்ப்பது நல்லது.

முடியாத கேள்விகள்

‘எப்படி?’ என்ற முதல் கேள்விக்கு ஓரளவு ஒத்துப்போகும் விடை கூடியிருக்கிறது. மண், சொந்தபந்தப் பணம், பிரிந்து வளரும் பட்டறை, அரசின் சிறுதொழில் கொள்கை, வெளிநாட்டு ஆர்டர் எல்லாமே வேண்டியிருந்தன. எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு. ஊர் சொல்லும் தன்முயற்சிக் கதை இதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கும் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு ஒப்புதல் இருப்பதாகத் தெரிகிறது.

‘யார் விலை கொடுத்தார்கள்?’ என்பதில் நிலைமை அப்படியில்லை. விவசாயியின் இழப்புக்கு ரூபாய்க் கணக்கு இருக்கிறது. முன்பணத்தில் கட்டுண்ட குடும்பத்தின் இழப்புக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை, அதை ரூபாயில் போடலாமா என்பதே விவாதம்.

அதோடு, ஆராயப்பட்ட திருப்பூர் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று பல கம்பெனிகள் ஓடாது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. அந்தத் தொழிலாளரின் கிராமத்திலும் முன்பணமும் நிலமும் சாதியும் இருக்கின்றன. கார்ஸ்வெல்லும் டி நெவும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் செய்த ஒப்பீட்டை இனி இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்துக்கு நீட்ட வேண்டியிருக்கும். ஒடியாவும் போஜ்புரியும் தெரிந்த ஆய்வாளர் தமிழ் தெரிந்தவரோடு சேர்ந்து வேலை செய்தால்தான் அது நடக்கும்.

துணியும் மாறுகிறது. பருத்தியிலிருந்து பாலியஸ்டருக்கு நகர வேண்டும் என்று தொழில் அமைப்புகளே பேசுகின்றன. பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்ற இவ்வளவு உப்பு வேண்டாம். அந்த மட்டில் நொய்யலுக்கு நல்லது. ஆனால் அதற்குக் கூடுதல் வெப்பம் வேண்டும்; துவைக்கும்போது உதிரும் நுண்ணிழை நீரில் சேரும். உப்புக்காகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த இழையை எவ்வளவு பிடிக்கும் என்பதை மண்ணியலாளரும் ஜவுளிப் பொறியாளரும் நீதிமன்றத்தில் வந்து நிற்கும் விவசாயியும் சேர்ந்து கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 1990-களில் நிறம் போன தண்ணீரைப் பார்த்துப் பலரும் திருப்தியடைந்துவிட்ட அந்தப் பத்தாண்டு இன்னும் ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளில் இருக்கிறது.